துணிப்பையில் 12 பொருள்கள்: எங்கள் நூலகத்துக்கு மென்பொருள் தேடிய கதை

கோலாலம்பூரின் செந்தூலில் எங்கள் சங்கத்தின் படிப்பகம் மாடியில் இருக்கிறது. கீழே சாப்பாட்டுக் கடை. காலையில் கதவைத் திறந்தால் தோசைக்கல் வாசமும் பழைய தாள் வாசமும் கலந்து வரும். ரயில்வே பட்டறையில் வேலை பார்த்தவர்கள் சேர்ந்து தொடங்கிய சங்கம் இது. அவர்கள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய நூல்கள், கப்பலில் வந்த இதழ்கள், ரப்பர் தோட்டங்கள் துண்டாடப்பட்ட பிறகு நகரத்துக்கு வந்த குடும்பங்கள் கொடுத்துவிட்டுப் போன பெட்டிகள் என்று சேர்ந்து சேர்ந்து இன்று ஏறக்குறைய 4,200 நூல்கள், 11 அலமாரிகள். அது போக கூட்டக் குறிப்பேடுகள், உறுப்பினர் பதிவேடுகள், புகைப்படங்கள், ஒலிநாடாக்கள்.

நான் ஒரு கல்லூரி நூலகத்தில் 24 ஆண்டுகள் வேலை பார்த்தவள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் சங்கத்தில் இந்தப் பொறுப்பைக் கொடுத்தார்கள். சின்னச் சங்கங்கள், கோயில்கள், தமிழ்ப்பள்ளிகள் எனப் பல இடங்களிலிருந்து "எந்த மென்பொருள் வாங்கலாம் அக்கா?" என்று என்னைக் கேட்கிறார்கள். ஒரு பெயரைச் சொல்லிவிட்டால் அவர்களுக்கு உதவியாக இருக்காது. எங்களுக்கு நடந்ததை முழுதாகச் சொன்னால் உதவும் என்று நினைக்கிறேன்.

2009இல் சங்கம் முதன்முதலாக ஒரு நூலக மென்பொருளை விலை கொடுத்து வாங்கியது. அப்போது நான் செயற்குழுவில் இல்லை. சனிக்கிழமைகளில் வந்து நூல் அடுக்கிக் கொடுப்பதோடு சரி. விற்க வந்தவர் மடிக்கணினியைத் திறந்து ஓர் ஆங்கில நூலைத் தேடிக் காட்டினார். பார்கோடு மேல் கருவியை வைத்ததும் பீப் என்றது. எல்லாருக்கும் பிடித்துவிட்டது. "தமிழ் வருமா?" என்று தலைவர் ஐயா கேட்டார். வந்தவர் 'தமிழ்' என்ற ஒரே சொல்லைத் தட்டிக் காட்டினார். திரையில் தமிழ் வந்தது. கையெழுத்துப் போட்டாயிற்று.

ஏழு ஆண்டுகள் மூன்று தொண்டர்கள் சனிக்கிழமை தவறாமல் உட்கார்ந்து நூல் விவரங்களைத் தட்டினார்கள். அதில் ஒருவர் 70 வயதைக் கடந்த பெரியவர். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, நூலின் முதல் பக்கத்தை விரலால் தடவித் தடவிப் படித்து, ஒற்றுப் பிழை இல்லாமல் தட்டுவார். 2016இல் ஒருநாள் கணினி புதுப்பித்துக்கொண்டது. அதன் பிறகு மென்பொருள் திறக்கவில்லை. விற்றவரின் தொலைபேசி எண் வேலை செய்யவில்லை. முகவரிக்குப் போய்ப் பார்த்தோம், அங்கே வேறு கடை. எப்போதோ ஒருமுறை 'எக்செலுக்கு அனுப்பு' என்ற பொத்தானை அழுத்தி எடுத்து வைத்த கோப்பு ஒன்று இருந்தது. திறந்தால் தலைப்பு இருக்க வேண்டிய இடமெல்லாம் கேள்விக்குறிகள். வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகள். அந்தப் பெரியவர் அதைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய் நாற்காலியில் உட்கார்ந்தார். அந்தக் காட்சி எனக்கு இன்னும் மறக்கவில்லை.

கணினி படித்துக்கொண்டிருந்த தம்பி ஒருவர் எங்களிடம் தொண்டராக இருந்தார். அவர் பழைய கணினியின் ஹார்ட் டிஸ்கைக் கழற்றி எடுத்துக்கொண்டு போய், உள்ளே இருந்த தரவுத்தளத்தைத் திறந்தார். கேள்விக்குறி அங்கே இல்லை. அதற்குப் பதில் கொம்பும் தொப்பியும் வைத்த ஐரோப்பிய எழுத்துகள், ஒரு தமிழ்க் குறிக்கு மூன்று மூன்றாக. காரணத்தை அவர் விளக்கினார். எல்லா மொழி எழுத்துகளுக்கும் பொதுவான யூனிகோடை யூடிஎஃப்-8 முறையில் சேமிக்கும்போது ஆங்கில எழுத்துக்கு 1 பைட் இடம் போதும். தமிழ்க் குறி ஒவ்வொன்றுக்கும் 3 பைட் வேண்டும். அந்தத் தரவுத்தளம் மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்காக அமைக்கப்பட்டது. தமிழ் அதற்குள் வேறு வேடத்தில் உட்கார்ந்திருக்கிறது. திரையில் காட்டும்போது சரியாகத் தெரியும், வெளியே எடுக்கும் பொத்தானுக்கு மட்டும் அந்த வேடத்தைக் கலைக்கத் தெரியவில்லை. "மீட்டுவிடலாம் அக்கா" என்றார். மீட்டார்.

ஆனால் இன்னொன்று இருந்தது. தலைப்புக்கு அந்த மென்பொருள் ஒதுக்கியிருந்த இடம் 100 பைட். ஆங்கிலத்துக்கு 100 எழுத்து. தமிழுக்கு 33 குறிதான். அதிலும் 'கி' என்று எழுதினால் அது இரண்டு குறி, 'க்' என்றாலும் இரண்டு. அப்படிப் பார்த்தால் ஏறக்குறைய 20 எழுத்தோடு தலைப்பு முறிந்துவிடும். மென்பொருள் எச்சரிக்கை எதுவும் காட்டாமல் மீதியை வெட்டிவிட்டது. பட்டியல் திரையில் எப்படியும் தலைப்பின் முதல் பகுதிதான் தெரியும் என்பதால் ஏழு ஆண்டுகளாக எங்களில் யாரும் கவனிக்கவில்லை. எண்ணிப் பார்த்தோம்: 340 தலைப்புகள் பாதியில் நின்றன.

அந்த 340இல் பெரும்பங்கு மலர்கள். மலேசியத் தமிழர் வரலாற்றைத் தேடிப் போகிறவர்களுக்கு மலர் என்றால் என்ன என்று தெரியும். பள்ளியின் வெள்ளி விழா மலர், கோயில் குடமுழுக்கு மலர், இளைஞர் மன்ற ஆண்டு விழா மலர். இப்போது வரைபடத்திலேயே இல்லாத தோட்டங்களின் பெயர், அங்கே யார் ஆசிரியராக இருந்தார், எந்த மளிகைக் கடை விளம்பரம் கொடுத்தது என்பதெல்லாம் வேறு எங்கும் கிடைக்காது. அவற்றின் பெயர் எப்போதும் நீளமாகத்தான் இருக்கும்: ஊர், அமைப்பு, விழா, கடைசியில் ஆண்டு. வெட்டு விழுந்தது அந்தக் கடைசியில்தான். ஒரே பள்ளியின் வெள்ளி விழா, பொன்விழா, வைர விழா மலர்கள் மூன்றும் எங்கள் பட்டியலில் ஒரே பெயரில் நின்றன.

இதனால்தான் யார் மென்பொருள் காட்ட வந்தாலும் 'தமிழ் வருமா' என்று கேட்பதோடு நிறுத்தாதீர்கள் என்கிறேன். உங்கள் அலமாரியில் இருக்கும் மிக நீளமான தலைப்பை எடுத்துக்கொண்டு போய், கடைசி எழுத்துவரை தட்டி, சேமித்து, மூடி, மறுபடி திறந்து பாருங்கள். அப்புறம் அதை அங்கேயே, அவர் முன்னாலேயே, கோப்பாக வெளியே எடுத்துத் தரச் சொல்லுங்கள். அந்தக் கோப்பை உங்கள் கணினியில் திறந்து படியுங்கள்.

இரண்டாம் முறை தேடப் புறப்பட்டபோது நான் ஒரு துணிப்பையில் 12 பொருள்களை எடுத்து வைத்துக்கொண்டேன். வேண்டுமென்றே தொல்லை தருகிறவையாகப் பார்த்துப் பொறுக்கியவை. மலாய், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் தலைப்பு உள்ள ஒரு மலர். 1966 ஏப்ரலில் கோலாலம்பூரில் நடந்த முதல் உலகத் தமிழ் மாநாட்டை ஒட்டி வந்த ஒரு வெளியீடு. ஆண்டும் பதிப்பகமும் இல்லாத கவிதை நூல். ஒரே கட்டாகத் தைக்கப்பட்ட இரண்டு நாவல்கள். நான்கு நூல்களைப் புனைபெயரிலும் ஒன்றைச் சொந்தப் பெயரிலும் எழுதிய ஒருவரின் நூல். தமிழ் நேசன் இதழ்க் கட்டு ஒன்று; அந்த நாளிதழ் 1924இல் தொடங்கி 2019இல் நின்றது, நான் பையைத் தூக்கிக்கொண்டு அலைந்தபோது அது இன்னும் வந்துகொண்டிருந்தது. நாடக ஒலிநாடா ஒன்று. பின்பக்கம் பென்சில் குறிப்பு உள்ள புகைப்படம். உறுப்பினர் பதிவேட்டின் ஒரு பக்கம். இப்படி.

ஒரு நிறுவனத்தார் இரண்டாவது பொருளிலேயே "இதை மட்டும் நீங்கள் ஆங்கிலத்தில் போட்டுக்கொள்ளலாமே" என்றார்கள். நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன். கோபமாக எதுவும் இல்லை. எங்கள் நூலகத்தில் பத்தில் ஒன்பது தமிழ் என்பதால் அவர்களால் எங்களுக்குப் பயன் இல்லை, அவ்வளவுதான்.

பையில் இருந்தவற்றில் அதிகம் கற்றுக்கொடுத்தது உறுப்பினர் பதிவேடுதான். நம் பெயர் அமைப்பு அப்படி. மலேசியாவில் நம்மவர் பெயரில் குடும்பப் பெயர் கிடையாது. தன் பெயர், அப்புறம் ஏ/எல் (மகன்) அல்லது ஏ/பி (மகள்), அப்புறம் அப்பா பெயர். 'முதற்பெயர், குடும்பப் பெயர்' என்று இரண்டு கட்டம் வைத்திருக்கும் மென்பொருள், இராமசாமியின் மகன் முனியாண்டியை 'இராமசாமி, முனியாண்டி' என்று திருப்பிப் போட்டு இராமசாமியின் கீழ் அடுக்கிவிடும். மகன் அப்பாவின் பெயருக்குள் போய்விடுவார். தன் பெயரின் கீழ்தான் அவர் வர வேண்டும். இது போதாதென்று பழைய பதிவேடுகளில் எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ரோமன் எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். லட்சுமி, லெட்சுமி, லெச்சுமி மூவரும் ஒருவராகவே இருக்கலாம். ஒரு பெயருக்குப் பல வடிவங்களை ஒரே இடத்தில் கட்டி வைக்கும் வசதிக்கு நூலகத் துறையில் பெயர் அதிகாரக் கோப்பு என்று சொல்வோம். அது இல்லாத மென்பொருள் நமக்கு வேண்டாம். நான் இதில் கறாராக இருந்தேன்.

தேடலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை.

எங்களிடம் 2009க்கு முந்தைய ஒரு பட்டியலும் இருந்தது. 1990களின் கடைசியில் ஓர் உறுப்பினர் அந்தக் காலத்து 8-பிட் எழுத்துருவில் தட்டி பிளாப்பி வட்டுகளில் வைத்தது. அப்போது கணினியில் தமிழுக்கு ஒரே எழுத்துக் குறியீட்டு முறை கிடையாது. புலம்பெயர்ந்தோரிடம் திஸ்கி ஓடியது. தமிழ்நாட்டு அரசு 1999இல் டாப், டாம் என்ற இரண்டை ஏற்றது. 2001இல் கோலாலம்பூரிலேயே தமிழ் இணைய மாநாடு நடந்தபோது இந்தப் பேச்சுத்தான் சூடாக இருந்தது. முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் பிறந்த நாடு இது. எங்கள் உறுப்பினர்களுக்குக் கணினித் தமிழ் புதிதல்ல. அந்தப் பழைய பட்டியலை எழுத்துமாற்றி மென்பொருள் ஒன்றின் மூலம் யூனிகோடுக்குக் கொண்டுவந்தோம். கண்ணுக்கு எல்லாம் சரியாகத் தெரிந்தது. 'தோட்டம்' என்று தேடினால் மட்டும் பாதி நூல்கள்தான் வந்தன.

காரணம் 'தோ'. யூனிகோடில் ஓகாரத்தை ஒரே குறியாகவும் எழுதலாம். ஏகாரக் கொம்பு, துணைக்கால் என்று இரண்டு குறியாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றே. கணினிக்கு வேறு வேறு. நாங்கள் பயன்படுத்திய மாற்றி இரண்டாம் முறையில் எழுதியிருந்தது. விசைப்பலகையில் இப்போது தட்டுகிறவர்களுக்கு முதல் முறை வருகிறது. இதைச் சரிசெய்ய என்எஃப்சி என்ற ஒழுங்குபடுத்தல் இருக்கிறது. தரவை ஏற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒருமுறை அதில் போட்டு எடுத்துவிட வேண்டும். சில நிமிட வேலை. ஆனால் 'மௌனம்' போன்ற சொல்லில் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பும் 'ள' எழுத்தும் தட்டியிருந்தால் என்எஃப்சி அதைத் திருத்தாது. அதைத் தேடிப் பிடித்துக் கையால்தான் மாற்ற வேண்டும். 'ஸ்ரீ' எழுத்துக்கும் இரண்டு வழி உண்டு, முருகன் கோயில் மலர்களில் அது நிறைய வரும்.

அப்புறம் ஒற்று. ஒருவர் 'சிறுகதைத் தொகுப்பு' என்று இலக்கணப்படி தட்டுவார். இன்னொருவர் 'சிறுகதை தொகுப்பு' என்பார். முழுச்சொல் பொருந்தினால்தான் காட்டுவேன் என்கிற தேடல், 'சிறுகதை' என்று கேட்பவருக்கு முதல் நூலைக் காட்டாது. சொல்லின் முன்பகுதி பொருந்தினாலே எடுத்துத் தரும்படி அமைக்க முடிகிறதா என்று பாருங்கள். முடிந்தால் 'தோட்ட' என்று தட்டினாலே தோட்டம், தோட்டத்து, தோட்டங்கள் எல்லாம் வந்துவிடும். அகரவரிசையையும் சோதியுங்கள். யூனிகோட் எண் வரிசையில் 'ந'வை அடுத்து 'ன' வந்துவிடும், 'வ'வுக்கு முன்பே 'ழ' வந்துவிடும். நம் வரிசை அதுவல்ல. அந்த வரிசையில் அச்சிட்ட பட்டியலைக் கையில் வாங்கும் பெரியவர்களுக்கு அது உடனே உறுத்தும்.

இவ்வளவையும் வைத்துக்கொண்டு நாங்கள் கடைசியில் யாரும் எடுத்துப் பயன்படுத்தித் திருத்தக்கூடிய இரண்டு கட்டற்ற மென்பொருள்களை முயன்று பார்த்தோம். ஒன்று இந்தோனேசியாவில் உருவான ஸ்லிம்ஸ், 2007இல் முதலில் வெளிவந்தது. சின்னக் கணினியிலும் ஓடும். இந்தோனேசிய மொழித் திரையில் 'பிப்லியோகிராஃபி', 'சிர்குலாசி', 'கெஆங்கோத்தாஆன்' என்று இருப்பதை மலாய் படித்த எங்கள் பிள்ளைகள் சொல்லிக் கொடுக்காமலே புரிந்துகொண்டார்கள். ஆயிரம் நூல் உள்ள ஒரு தமிழ்ப்பள்ளி நூலகத்துக்கு இதையே நான் முதலில் பார்க்கச் சொல்வேன்.

இன்னொன்று கோஹா. நியூசிலாந்தின் ஹோரோவெனுவா நூலக அறக்கட்டளைக்காக 1999இல் எழுதப்பட்டு 2000 தொடக்கத்தில் பயன்பாட்டுக்கு வந்தது. கோஹா என்றால் மாவோரி மொழியில் கொடை. எங்களுக்கு இதுதான் ஒத்துவந்தது, முக்கியமாக மூன்று காரணங்களால். மார்க் 21 என்ற உலகப் பொது வடிவத்தில் பதிவுகள் இருப்பதால் எப்போது வேண்டுமானாலும் மொத்தத்தையும் ஒரே கோப்பாக வெளியே எடுக்கலாம், வேறு மென்பொருள் அதைப் படிக்கும். பெயர் அதிகாரக் கோப்பு உண்டு. ஒரு நிறுவனம் கைவிட்டாலும் அதைத் தெரிந்த வேறு ஆள் கிடைப்பார்.

கோஹாவைத் தமிழுக்கு வைக்கிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. அதன் ஸீப்ரா தேடல் பொறிக்கு எழுத்துகளைப் பிரித்தறிய இரண்டு வழிகள் இருக்கின்றன. லத்தீன் எழுத்துகளுக்கான வழியை விட்டுவிட்டு, பல மொழி எழுத்துகளும் தெரிந்த ஐசியூ வழிக்கு மாற்ற வேண்டும், மாற்றிய பிறகு எல்லாப் பதிவுகளையும் தேடலுக்காக மறுபடி சுட்டியாக்க (சொல் அட்டவணை போட) வேண்டும். எங்களுக்கு இது தெரியாமல் மூன்று வாரம் 'தமிழ்த் தேடல் வேலை செய்யவில்லை' என்று மண்டையை உடைத்துக்கொண்டோம்.

தலைப்பைத் தமிழில் மார்க் 21 பதிவின் 245ஆம் புலத்தில், அதாவது தலைப்புக்கான கட்டத்தில், போடுகிறோம். அதே தலைப்பை ரோமன் எழுத்தில் 246இல் வேறு தலைப்பாகச் சேர்க்கிறோம். முறைப்படி இதற்கு 880 என்ற இணைப்புப் புலம் இருக்கிறது. பெரிய நூலகங்கள் அதைத்தான் பயன்படுத்த வேண்டும். எங்கள் தொண்டர்களுக்கு அது கடினமாக இருந்தது, பிழைகள் வந்தன, அதனால் 246. இந்த ரோமன் வரி வேண்டுமா என்று செயற்குழுவில் பெரிய வாக்குவாதமே நடந்தது. "தமிழ் நூலகத்தில் ஏன் அந்த எழுத்து?" என்று ஒரு பெரியவர் வருத்தப்பட்டார். அவர் வருத்தம் எனக்குப் புரிந்தது. ஆனால் மலாய்வழித் தேசியப் பள்ளியில் படித்த பேரப்பிள்ளைக்குத் தமிழ் பேச வரும், தட்ட வராது. தாத்தா எழுதிய நூல் இங்கே இருக்கிறது என்று அந்தப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும் அல்லவா. வாக்கெடுப்பில் ரோமன் வரி நின்றது.

கட்டற்ற மென்பொருள் என்றால் செலவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். உரிமக் கட்டணம் இல்லை, அவ்வளவுதான். எங்களுக்கு சர்வர் வாடகை மாதம் ஏறக்குறைய 100 ரிங்கிட் ஆகிறது. அதைவிடப் பெரிய செலவு ஆள். அந்தத் தம்பி படிப்பு முடிந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்விட்டார். போவதற்கு முன் நிறுவிய முறை, கடவுச்சொற்கள், மாதாமாதம் செய்ய வேண்டியவை எல்லாவற்றையும் ஒரு பள்ளி நோட்டில் தமிழில் எழுதி வாங்கிக்கொண்டேன். அந்த நோட்டு சங்கத்தின் இரும்புப் பெட்டியில் இருக்கிறது. இப்போது அவருக்கு அடுத்து வந்த பெண் அதை வைத்துத்தான் ஓட்டுகிறார்.

இனி காப்பகப் பொருள்கள். இங்கேதான் நான் தவறு செய்தேன், அதனால் ஒளிக்காமல் சொல்கிறேன்.

நூலகத்தில் வேலை பார்த்தவளுக்கு எல்லாம் நூலாகத்தான் தெரியும். ஒரு பொருள், ஒரு பதிவு. பழைய செயலாளர் ஒருவரின் தகரப் பெட்டியை அவர் குடும்பத்தார் கொடுத்தபோது, கடிதங்களை ஆண்டு வாரியாகப் பிரித்தேன், புகைப்படங்களைத் தனி உறையில் போட்டேன், ரசீதுகளை வேறு கோப்பில் வைத்தேன். ஒவ்வொன்றுக்கும் கோஹாவில் ஒரு பதிவு. பார்க்கச் சுத்தமாக இருந்தது. ஒரு மாதம் கழித்து அவருடைய மகள் வந்தார். "அப்பா ஒவ்வொரு வழக்குக்கும் ஒரு கட்டாகக் கட்டி வைத்திருந்தாரே, அந்தக் கடிதத்தோடு இருந்த படம் எங்கே?" என்று கேட்டார். பெயரில்லாத அந்தப் படத்தில் இருப்பவர்கள் யார் என்பதற்கு ஒரே சாட்சி அதே கட்டில் இருந்த கடிதம்தான். அந்தக் கட்டை நானே அவிழ்த்துவிட்டேன்.

காப்பகத்தின் முதல் இரண்டு விதிகள் யாரிடமிருந்து வந்தது என்பதைக் கலக்காதே, இருந்த ஒழுங்கைக் கலைக்காதே என்பவை. மென்பொருளும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும். பெட்டி முழுவதற்கும் ஒரு விவரிப்பு, அதற்குள் வரிசைகள், அதற்குள் கட்டுகள், தேவைப்பட்டால் மட்டும் தனித் தாள். மரம் போலக் கிளை பிரியும். ஐசாட்-ஜி என்ற பன்னாட்டு நெறி இதைத்தான் சொல்கிறது. 1994இல் முதல் பதிப்பும் 2000இல் இரண்டாம் பதிப்பும் வந்தன. நூலக மென்பொருளுக்கு இந்த மரம் தெரியாது. அதனால் ஒரே மென்பொருளில் இரண்டையும் போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால், ஒரு பெட்டியின் மரத்தைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.

இந்த நெறிகளின்படி எழுதப்பட்டது ஏட்டம் என்ற கட்டற்ற மென்பொருள். பன்னாட்டுக் காப்பக மன்றத்துக்காகத் தொடங்கியது. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் உள்ள ஆர்டிஃபாக்சுவல் நிறுவனம் உருவாக்கியது. அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் ஆர்கைவ்ஸ்பேஸ் அதிகம். நாங்கள் ஏட்டத்தை எடுத்தோம், ஆனால் உடனே இல்லை. முதல் ஓராண்டு வெறும் எக்செல்தான். ஏட்டம் ஏற்றுக்கொள்ளும் சிஎஸ்வி என்ற எளிய அட்டவணைக் கோப்பின் நெடுவரிசைத் தலைப்புகளை அப்படியே எக்செலில் போட்டு, ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண், அதன் தாய் வரியின் எண் என்று எழுதினோம். தாய் எண் இருந்தால் மரம் தானாக அமையும். மென்பொருள் இல்லாமலே விவரிக்கப் பழகிக்கொண்டோம். கையில் பணமோ ஆளோ இல்லாத சங்கம் இப்படித்தான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். நல்ல நெடுவரிசைகளோடு உள்ள எக்செல் எந்த மென்பொருளுக்கும் போகும்.

செயலாளரின் கட்டுகளை என்னால் முழுதாகப் பழையபடி சேர்க்க முடியவில்லை. நூல் கட்டிய தடம், துருப்பிடித்த ஊசியின் கறை, மகளின் நினைவு இவற்றை வைத்துப் பாதி சேர்த்தோம். மீதிக்கு 'ஒழுங்கு கலைக்கப்பட்டது, கலைத்தவர் சங்கத்தார்' என்று விவரிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறேன். பின்னால் வரும் ஆய்வாளருக்கு அது தெரிய வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை. பதிவேடுகளில் அடையாள அட்டை எண்கள் இருக்கும். 12 இலக்க எண்ணில் முதல் 6 இலக்கமே பிறந்த தேதி. ஸ்கேன் செய்த பக்கத்தை அப்படியே இணையத்தில் விட்டுவிடாதீர்கள். விவரிப்பு எல்லாருக்கும், படம் அனுமதி பெற்றவருக்கு மட்டும் என்று பிரித்து வைக்கும் வசதி மென்பொருளில் இருக்க வேண்டும். எங்கள் பையில் பதிவேட்டுப் பக்கம் இருந்ததற்கு இதுவும் காரணம்.

பிரதிகளைப் பற்றிச் சுருக்கமாக. மூன்று இடங்களில் வைக்கிறோம்: சர்வரில் ஒன்று, சங்கத்தில் ஹார்ட் டிஸ்கில் ஒன்று, செயற்குழு உறுப்பினர் ஒருவர் வீட்டில் ஒன்று. 2021 டிசம்பர் 18 அன்று கிள்ளான் பள்ளத்தாக்கில் வெள்ளம் ஏறியபோது ஷா ஆலாம் பக்கம் இருந்த அந்த வீட்டின் கீழ்த்தளம் முழுகியது. ஹார்ட் டிஸ்கும் போயிற்று. அந்தக் குடும்பம் பட்ட பாட்டின் முன் அது ஒன்றுமே இல்லை. மற்ற இரண்டு பிரதிகளும் இருந்ததால் பதிவு எதுவும் தொலையவில்லை. இப்போது மூன்றாவது பிரதி ஈப்போவில் இருக்கிறது.

பிரதி இருப்பது மட்டும் போதாது, அது திறக்குமா என்று பார்க்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் பொங்கல் முடிந்த வாரத்தில் கோஹாவிலிருந்து எல்லாப் பதிவுகளையும் வெளியே எடுத்து, ஒன்றுமே இல்லாத வேறு கணினியில் ஏற்றிப் பார்க்கிறோம். வெளியேறும் ஒத்திகை என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறோம். எண்ணிக்கை ஒத்துப் போகிறதா, நீளமான தலைப்புகள் கடைசி எழுத்துவரை இருக்கின்றனவா, 'தோட்டம்' என்று தேடினால் அதே எண்ணிக்கை வருகிறதா என்று பார்ப்போம். ஒருமுறை 14 பதிவுகள் குறைந்தன. தேடிப் பார்த்ததில் யாரோ ஒரு கோப்பிலிருந்து ஒட்டியபோது கண்ணுக்குத் தெரியாத ஒரு குறி பதிவுக்குள் வந்திருந்தது. ஏற்றும்போது அவை நிராகரிக்கப்பட்டன. சாதாரண நாளில் கண்டுபிடித்ததால் அன்று மாலைக்குள் சரிசெய்துவிட்டோம்.

வெட்டுப்பட்ட 340 தலைப்புகளில் 331ஐ நூலைக் கையில் வைத்துக்கொண்டு முழுமையாக்கிவிட்டோம். மீதி ஒன்பதும் அலமாரியில் இல்லை. அந்த ஏழு ஆண்டுகளில் யாரோ இரவல் வாங்கிப் போய்த் திரும்பாதவை. ஒன்பதும் மலர்கள். பட்டியலில் அவற்றின் பெயர் இன்னும் பாதியில் நிற்கிறது. ஒன்று 'விழா ம' என்று முடிகிறது. பழைய இரவல் அட்டைகள் ஒரு பிஸ்கட் டின்னில் கிடைத்தன. வரும் சனிக்கிழமை அந்த அட்டைகளில் உள்ள கையெழுத்துகளை அடையாளம் காட்ட, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொள்ளும் அந்தப் பெரியவரை வரச் சொல்லியிருக்கிறேன். அவருக்கு எல்லாருடைய கையெழுத்தும் தெரியும்.